வீட்டை எழுதப் போன நாள்

அப்பாவை முதியோர் இல்லத்தில் விடுவதென்று முடிவான கிழமையே தம்பிக்கு வீட்டைப் பற்றிய பயம் பிடித்துவிட்டது. பிரெஞ்சுத் தலைநகரின் லாச்சப்பல் பகுதியில், தமிழ்க் கடைகளுக்கு மேலே மூன்றாம் மாடியில் இருக்கும் இரண்டு அறை வீடு. உணவகங்களில் கோப்பை கழுவியே அப்பா அதை வாங்கினார். இல்லத்துக்கு அவருடைய ஓய்வூதியம் போதாது. மீதியை அரசு தரும். அவர் காலமான பிறகு சொத்திலிருந்து திருப்பி எடுத்துக்கொள்ளும்.

"அதுக்கு முதல் எங்கடை பேரிலை எழுதினால் ஒருத்தரும் கை வைக்கேலாது அக்கா" என்றான் தம்பி. ரூ பெர்தொனே தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் ஒருவர் சொன்னாராம்.

சொன்னவன் அவன், அலைந்தவள் நான். பத்திரங்களைத் தேடி, வேலையில் லீவு கேட்டு, சொத்துப் பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் நேரம் எடுக்க இரண்டு மாதம் போயிற்று. அன்று அப்பாவுக்குச் சவரம் செய்து, கோட்டும் போட்டு, அம்மா, தம்பியோடு நால்வருமாகப் போனோம்.

நொத்தாரிசு ஒரு பெண். வீட்டை ஏன் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீர்கள் என்று அப்பாவையே பார்த்துக் கேட்டார். மறதி வந்ததும் அப்பாவை விட்டு முதலில் போனது பிரெஞ்சுதான். நான் தமிழில் கேட்டேன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். "எழுதினால் கொம்மா எங்கை இருக்கிறது?"

"அம்மா கடைசிவரைக்கும் அங்கைதான் இருப்பா. அதையும் சேத்துத்தான் எழுதிறது, அப்பா."

"ஓம். ஆனால் கொம்மா எங்கை இருக்கிறது?"

மூன்று தரம் விளக்கினேன். மூன்று தரமும் அதே கேள்வி. என் குரல் உயர்ந்ததும் அம்மா என் கையைப் பிடித்தார்.

"பிள்ளையளுக்குக் குடுக்க விருப்பம் எண்டு சொல்லிவிடு" என்று தம்பி முணுமுணுத்தான். நொத்தாரிசு பேனையோடு காத்திருந்தார். சொல்லியிருக்கலாம், அங்கே வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. நான் அப்பா கேட்டதை அப்படியே சொன்னேன்.

அவர் பேனையை மூடினார். இது என்ன வருடம் என்று கேட்கச் சொன்னார்.

"இண்டைக்கு எனக்கு லீவு" என்றார் அப்பா.

அப்பா தெளிவாக இருக்கிறார் என்ற மருத்துவரின் சான்றிதழ் இல்லாமல் கையெழுத்து வாங்க முடியாதாம். பிறகு, கோப்பைக் கட்டிக்கொண்டே சொன்னார்: இல்லத்துச் செலவுக்கு அரசிடம் உதவி கேட்பதற்கு முந்தைய பத்து வருடங்களுக்குள் எழுதிக் கொடுத்த சொத்திலிருந்தும் அரசு திருப்பிக் கேட்கலாம்.

"இதை போனிலேயே சொல்லியிருக்கலாமே!" என்று கத்திவிட்டேன்.

"நீங்கள் வீட்டை எழுதுவதைப் பற்றித்தான் கேட்டீர்கள். உதவியைப் பற்றிக் கேட்கவில்லை" என்றார் அமைதியாக.

தெருவுக்கு வந்ததும் தம்பி என்மேல் பாய்ந்தான். "ஒரு பொய் சொன்னால் என்ன?"

"சொன்னாலும் ஒண்டும் நடந்திராது. உனக்குக் காது கேக்கேல்லையோ?"

மருத்துவர் சான்றிதழ் தரவில்லை. பொபினிக்கு அருகில் ஓர் இல்லத்தில் அப்பாவைச் சேர்த்தோம். அரசு உதவிக்கு நானே விண்ணப்பித்தேன். அம்மா உயிரோடு இருக்கும்வரை அவரை வீட்டிலிருந்து எழுப்ப மாட்டோம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அதைக் கடிதமாகக் கேட்டேன், இன்னும் வரவில்லை. பிள்ளைகளின் வருமானமும் காட்ட வேண்டும். தம்பியின் சம்பளச் சீட்டு ஒன்றுக்காக விண்ணப்பம் ஆறு கிழமையாக அப்படியே கிடக்கிறது. தொலைபேசி எடுத்தால், "பாப்பம்" என்கிறான்.