பனியன் நாடாவில் நான்கு கோடுகள்

தோட்டத்தில் பதிக்கப் புல் பத்தைகள் வந்து இறங்கிவிட்டன. ஈரச் சாக்குக்குள் அவை அதிக நாள் தாங்காது. பைப், வளைவுகள், பசை, நான்கு தெளிப்பான்கள் எல்லாம் வாசலில் தயார். பைப் புதைக்கப் பள்ளம் தோண்டுகிற அண்ணனும் கடப்பாரையோடு வந்துவிட்டார். கணவர் மட்டும் வரவில்லை.

அவர் ஆப்பிரிக்காவில் ஒரு பனியன் கம்பெனியில் மேனேஜர். விடுப்பில் வந்ததும் இருவரும் சேர்ந்தே பள்ளம் எடுப்பது என்று பேசியிருந்தோம். ஷிப்மென்ட் தள்ளிப்போனது, விடுப்பும் தள்ளிப்போனது.

தெளிப்பான்கள் எங்கெங்கே வர வேண்டும் என்று போனமுறை வந்தபோதே அவர் குறித்திருந்தார். அன்று அளக்கிற டேப் அகப்படவில்லை. எங்கள் ஊர் வீடுகளில் கயிறு இல்லாவிட்டாலும், பனியன் வெட்டியதில் மிஞ்சுகிற கட்டிங் வேஸ்ட் துணி இருக்கும். அதிலிருந்து நீளமான பனியன் நாடா ஒன்றை எடுத்தார். நான் குழாயடியில் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, அவர் கொய்யா மரம்வரை இழுத்துக்கொண்டே போய் அங்கங்கே மார்க்கரில் கோடு போட்டார். இருவருமே டெக்ஸ்டைல் படித்தவர்கள். பனியன் துணி இழுத்தால் நீளும் என்பது அன்று இருவருக்குமே தோன்றவில்லை. பேசுவதற்கு அவ்வளவு இருந்தது.

இப்போது அண்ணன் மறுமுனையைப் பிடித்து இழுத்ததில், நான்காவது கோடு மரத்தைத் தாண்டிக் காம்பவுண்டுச் சுவரில் போய் நின்றது.

"இழுத்துட்டே போனா அவிநாசிக்கே போயிருமாட்ட இருக்குதுங்க அம்மணி" என்று சிரித்தார்.

வீடியோ காலில் கணவரைக் கூப்பிட்டேன். பின்னால் மெஷின் சத்தம்.

"மெதுவா இழுக்கச் சொல்லு புள்ள."

"எவ்வளவு மெதுவாங்க?"

"நான் இழுத்தாப்பல."

"அதை அவருக்கு எப்படிங்க சொல்றது?"

"டேப்புலயே அளந்துக்க, போ" என்று வைத்துவிட்டார்.

டேப் இந்தமுறை கையிலேயே இருந்தது. எடுக்க மனம் வரவில்லை. நாடாவைக் குழாயில் கட்டிவிட்டு நானே இழுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். கடைசிக் கோடு போடும்போது தாழ்ந்த கிளை ஒன்று இடிக்க, அவர் குனிந்தது நினைவிருந்தது. அந்தக் கிளைக்கு நேர்கீழே கோடு வரும்வரை நாடாவைத் தளர்த்தினேன். துணி ஒரே சீராகத்தான் நீளும். ஒன்று சரியானால் மற்ற மூன்றும் சரி. அவர் குனிந்த இடத்தைப் பார்த்தபடி அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அங்க ஆருங்க அம்மணி நிக்கறாங்க, இத்தன நேரமாப் பாக்கறீங்க?"

"தோண்டுங்கண்ணா" என்றேன்.

பைப் புதைத்து, மண் மூடி, புல் பதித்த பிறகு, வால்வைத் திறந்து கணவருக்குப் போனில் காட்டினேன். நான்கும் சுற்றின. கொய்யாக் கிளையிலிருந்து நீர் சொட்டியது.

"வந்ததும் அந்தக் கிளைய மொதல்ல வெட்டோணும்" என்றார்.

"வேண்டாங்க. வந்து குனிஞ்சுக்கங்க."