காஜா பாய் தொங்கிப் பார்த்த கைப்பிடிகள்

போன வெள்ளிக்கிழமை காலை, உச்சிப்புளியில் உள்ள என் பிசியோதெரபி கிளினிக்கில் ஒருவரைக் கைப்பிடியைப் பிடித்து நடக்க வைத்துக்கொண்டிருந்தேன். காஜா பாயின் மைத்துனர் போன் செய்தார். "டாக்டரம்மா, மச்சான் மவுத்தாயிட்டாக. விடியக்கால சுபுஹு தொழுதுட்டு உட்கார்ந்தவுக அப்படியே சாஞ்சிட்டாக." நடந்துகொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, கைய விட்றவா?" என்று கேட்டார். "விடாதீங்க, அது காஜா பாய் போட்டது" என்றேன். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

அவரைத் தெரிந்தவர்களுக்கு அந்த உருவம் மறக்காது. வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆள். குரல் ஆளைவிடப் பெரிது. துபாயில் ஜிப்சம் போர்டுத் தடுப்புச் சுவர் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, இங்கேயும் அதையே செய்தவர். இரங்கல் கூட்டத்தில் யாராவது அவரை அடக்கமானவர் என்று பேசினால் நான் எழுந்து மறுப்பேன். பீற்றிக்கொள்வதில் அவரை மிஞ்ச இந்தக் கடற்கரையில் ஆள் கிடையாது. "நான் போட்ட கைப்பிடி ஆடுச்சுன்னா என் பேர மாத்திக்கிறேன்" என்பார். கடைசிவரை காஜா பாயாகவே இருந்தார்.

எங்கள் பழக்கமே சண்டையில்தான் தொடங்கியது. என் கிளினிக் தடுப்புச் சுவரில் அவர் உயரத்துக்கு அளந்து கைப்பிடியை மாட்டியிருந்தார். "இங்க வர்றவங்க எல்லாம் உங்கள மாதிரி பனைமரமா பாய்?" என்று கத்தினேன். முறைத்தார். பிறகு போர்டை மறுபடி அறுத்து, பிடிமானத்துக்கு உள்ளே கொடுத்திருந்த மரக்கட்டையையும் சேர்த்துக் கீழே இறக்கினார். மறுவாரமே, "இதுதான் சரியான உயரம், நானும் டாக்டரம்மாவும் முடிவு பண்ணுனது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். என்னத்தைச் சொல்ல!

மீன் ஏலம் விடுகிற சரசு அக்கா விஷயத்தை எழுதாவிட்டால் இந்த அஞ்சலி நிறையாது. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி வந்த அக்காவுக்காக, மகன் கூடத்தை ஜிப்சம் போர்டால் தடுத்து ஓர் அறை அமைத்திருந்தார். யாரோ ஒருவர் வெறும் போர்டிலேயே திருகாணியை முடுக்கிக் கைப்பிடி மாட்டிவிட்டுப் போயிருந்தார். அக்கா அதைப் பிடித்து எழுந்த முதல் நாளே, அது போர்டைப் பிய்த்துக்கொண்டு கையோடு வந்துவிட்டது. கட்டில் மேலேயே விழுந்ததால் எலும்பு தப்பியது. ஆனால் கட்டிலைவிட்டு இனி இறங்க மாட்டேன் என்றுவிட்டார். இப்படியே கிடந்தால் கால் முடங்கிவிடும், அந்த ஏலக் குரலைக் கடற்கரை மறுபடி கேட்காது என்று எனக்கு ஒரே பயம். காஜா பாயை வரச் சொன்னேன்.

வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். "போர்டுங்கறது பேப்பரும் மாவும்தான் டாக்டரம்மா. அதுல படத்த மாட்டலாம், ஆள மாட்டக்கூடாது" என்றார். காந்தத்தை வைத்துத் தடவி, உள்ளே தகரச் சட்டங்கள் எங்கே நிற்கின்றன என்று குறித்தார். போர்டை அறுக்கப் போனபோது மகன், "பாய், புது பெயிண்ட்டு!" என்று பதறினார். "பெயிண்ட்ட திரும்ப அடிச்சுக்கலாம் தம்பி. ஒங்கம்மா இடுப்ப திரும்ப ஒட்டிக்கிட்டே இருக்க ஏலுமா?" சட்டத்துக்குச் சட்டம் தடித்த மரக்கட்டையைக் குறுக்கே கொடுத்து முடுக்கி, போர்டை மூடிப் பட்டி பூசினார். அது காய்ந்த பிறகு, அந்த மரத்தில் இறங்கும்படி நீளமான எவர்சில்வர் திருகாணிகளால் கைப்பிடியை மாட்டினார். இந்த உப்புக் காற்றில் சாதாத் திருகாணி உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்துச் செத்துவிடும் என்பது அவர் வாதம்.

அக்கா அசையவில்லை. "போங்க பாய். போன தடவ போட்டவனும் ஆடாதுன்னுதான் சொன்னான்." பாய் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, முழங்காலை மடக்கி, அத்தனை பெரிய உடம்பையும் அதில் தொங்கவிட்டார். "ஆத்தீ, செவுரு!" என்று அக்கா அலறினார். சுவர் இம்மியும் அசையவில்லை. அக்கா ஏலக் குரலில், "டாக்டரம்மாவும் தொங்கட்டும்" என்றார். நான் மட்டும் என்ன இளைத்தவளா? நானும் தொங்கினேன். விழுந்த நாளுக்குப் பிறகு அக்கா சிரித்தது அன்றுதான். சிரித்துக்கொண்டே கையை நீட்டிக் கைப்பிடியைப் பிடித்தார், எழுந்தார். பிறகு ஏலத்துக்கும் போனார். அதிலிருந்து, எந்த வீட்டில் கைப்பிடி மாட்டினாலும் வீட்டுக்காரர் கண் முன்னால் தொங்கிக் காட்டுவதை பாய் வழக்கமாக்கிக்கொண்டார்.

செய்தி வந்த வெள்ளிக்கிழமை மதியம் பாய் வீட்டுக்குப் போனேன். பெண்கள் மாடியில் இருந்தார்கள். படிக்கட்டை ஒட்டிய தடுப்புச் சுவரும் கைப்பிடியும் பாயின் கைவேலை. சரசு அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார். முதல் படியில் கால் வைக்குமுன் கைப்பிடியை ஓங்கி இழுத்துப் பார்த்தார். சுற்றி நின்றவர்கள் திகைத்தார்கள். "பாய் போட்டதுதான்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒன்றுதான்: நான் தொங்கிப் பார்க்காத கைப்பிடியை நம்பி யாரையும் எழுந்திருங்கள் என்று சொல்வதில்லை. அவர் வீட்டுக்கு மட்டும் விலக்கா? முழங்காலை மடக்கித் தொங்கினேன். மேலே வாசலில் அவர் மனைவி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அழுதுகொண்டே, "ஆடுதா டாக்டரம்மா?" என்று கேட்டார்.

"ஆடலக்கா."

"ஆடாது" என்றார், அவரைப் போலவே பெருமையாக.