அவருடைய வயர்

போன வாரம் எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். இனி கட்டடத்துக்குள் ஒரே கம்பெனியின் இன்டர்நெட்தான். வேறு கம்பெனிக்காரன் படியேறக் கூடாது. லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்று படித்தபோது, கறுப்புக் கேபிளின் தோலைச் சீவினால் வருமே ஒரு வாடை, அது மூக்கில் ஏறியது. சொன்னால் சிரிப்பீர்கள், ஓசூரில் இப்படி வேறு கம்பெனியை உள்ளே விடாத ஒரு ஆளிடம் நானே வேலை பார்த்தவன்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில். டிப்ளமோ முடித்தும் எந்தத் தொழிற்சாலையும் என்னை உள்ளே விடாததால் கேபிள் ஆபீசில் சேர்ந்தேன். முதலாளி டிவி கேபிளிலேயே இன்டர்நெட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார். கம்பம் மின்வாரியத்துடையது, ரோடு நகராட்சியுடையது, இன்டர்நெட் பெங்களூரிலிருந்து வந்தது. வயர் மட்டும்தான் அவருடையது. ஆனால் பேச்சைக் கேட்டால், சிப்காட் தொழிற்பேட்டைக்கு மேலிருக்கும் வானத்தையே பத்திரம் பண்ணி வாங்கிவிட்டார் என்று நினைப்பீர்கள். தூறல் விழுந்தால் லைன் போய்விடும். புகார் சொன்னால், "வேணாம்னா உட்டுடுங்க" என்பார். விட்டுவிட்டு யாரிடம் போவது? இன்னொருவன் கேபிள் தெருவுக்குள் வராமல் பார்த்துக்கொள்வதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே தொழில்நுட்பம்.

சிப்காட் போகிற வழியில் ரஃபீக் பாய் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். காவேரிப்பட்டினத்துக்காரர். ஒருநாள் ஆபீசுக்கு வந்து நிதானமாகக் கேட்டார். "வயருக்கு வாடகை குடுத்துடறேங்க. நெட்டு மட்டும் நல்ல கம்பெனியா பாத்து நானே வாங்கிக்கறேன்."

முதலாளி பல் குத்திக்கொண்டே சொன்னார்: "என் வயர்ல எவனோ ஒருத்தன் நெட்டு ஓடணுமா? நாளைக்கு எங்கூட்டுக் கொழாயில வேறவன் தண்ணி உடுவானா?"

பெரிய தத்துவம் உதிர்த்துவிட்டவர்போல எங்களைப் பார்த்தார். சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

பாய் சும்மா இருக்கவில்லை. பக்கத்து ஜூஜுவாடியில் வேறொரு கம்பெனியிடம் லைன் வாங்கி, ஒவ்வொரு வீட்டிலும் மொட்டைமாடிக்கு அனுமதி கேட்டு, கடைவரை தானே வயர் இழுத்தார். நெட் பறந்தது. எங்கள் வாடிக்கையாளர்களே அங்கே போய் உட்கார்ந்தார்கள்.

பிளஸ் டூ ரிசல்ட் அன்று காலை முதலாளி என்னைக் கூப்பிட்டார். "போய் அறுத்துட்டு வா. இன்னிக்கே." நாள் பார்த்துத்தான் அனுப்பினார்.

கடைக்கு எதிரே ஏணி போட்டு ஏறினேன். உள்ளே பத்துப் பதினைந்து பிள்ளைகள், கையில் ஹால் டிக்கெட். கட்டரை வைத்து அழுத்தினேன். "பாய், நெட்டு போயிடுச்சு. என் நம்பர் அடிச்சிட்டேன்" என்று ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

பாய் வெளியே வந்தார். அடிக்க வருகிறார் என்று மேலேயே நின்றுகொண்டேன். அவ்வளவு வீரன் நான். அவர் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டார். "பாத்து எறங்குப்பா. மண்ணு எளகலா இருக்குது."

நான் இறங்கியதும், என் முகத்தைப் பார்க்காமல், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அத்திப்பள்ளி பஸ் ஏறினார். தமிழ்நாட்டு ரிசல்ட்டைப் பார்க்க அவர்கள் கர்நாடகத்துக்குப் போனார்கள்.

அதன்பின் பாய் இருமுறை வயர் இழுத்தார். இருமுறையும் எங்கள் ஆபீஸ் பையன்கள் அறுத்தார்கள். நான் காய்ச்சல் என்று லீவு போட்டேன், வேலையை விடவில்லை. மழைக்காலத்துக்கு முன் பாய் கடையைக் காலி செய்து ஊருக்குப் போய்விட்டார்.

கொஞ்ச வருடங்களில் ஒரு பெரிய கம்பெனி வந்தது. வானத்துக்குச் சொந்தக்காரர் ஒரே கையெழுத்தில் அத்தனை தெருக்களையும், அதிலிருந்த வீடுகளையும் சேர்த்து விற்றுவிட்டுப் போனார். அவருடைய வயர் இன்று ஒரு கம்பத்திலும் இல்லை. பாயின் கடை இருந்த இடத்தில் மேம்பாலத்தின் தூண் நிற்கிறது.

காவேரிப்பட்டினம் வழியாகப் பலமுறை போயிருக்கிறேன். பஸ் நிற்கும். ஒருதடவைகூட இறங்கி அவரை விசாரித்ததில்லை.