அரசர் வந்துபோன மடம்

ஐம்பது வயதில் லத்தீன் படிக்கப் போனவள் நான். லிட்கமில் எங்கள் வீட்டில் இந்தப் பைத்தியத்துக்குப் பெயர் "அம்மாவின்ர விசர்". பழைய இங்கிலாந்தில் ஒரு மடத்துத் துறவி எழுதி வைத்த வரலாற்றேடுதான் என் ஆராய்ச்சி. முதல் வருட முடிவில் மூன்று பேராசிரியர்கள் முன்னால் புதிதாக ஏதாவது சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். என்னிடம் புதிதாக ஒரு மண்ணும் இருக்கவில்லை.

அந்த ஏட்டின் ஒரு பக்கத்திலேயே சிக்கி நின்றுகொண்டிருந்தேன். அரசர் பரிவாரத்தோடு வந்து பத்து நாள் தங்கினார், பெரும் மகிழ்ச்சியோடு வரவேற்றோம் என்கிறார் துறவி. அடுத்த வரியில், மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், பட்டாணிக் கஞ்சி மட்டும் குடித்தோம் என்கிறார். அது நோன்பு, துறவிகளின் பக்தி என்று எனக்கு முன் படித்தவர்கள் எழுதி முடித்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து மெல்பேர்னிலிருந்து கணவரின் தமையன் குடும்பம் வந்திறங்கியது. பதினொரு பேர். "சும்மா எட்டிப் பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனாங்கள்" என்றார் அந்தத் தமையன், எனக்கு அத்தான். நாலு நாள் எட்டிப் பார்த்தார்கள். இறால், ஆட்டிறைச்சி, உறைய வைத்திருந்த பிட்டு எல்லாம் போயிற்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவர்கள் புறப்படும்போது வாசலில் நின்று, "ஏன் இப்பிடி அவசரமாப் போறியள்?" என்று சிரித்தேன்.

அன்று மத்தியானம் சோறும் பருப்பும். மறுநாளும் அதுவே. மகள் தட்டைப் பார்த்தாள்.

"அம்மா, ஆர் வீ ஃபாஸ்டிங்?"

"ஓம், உன்ர பெரியப்பா வந்துபோன விரதம்!" என்று வெடித்தேன்.

சொன்ன கையோடு எழுந்து ஓடிப்போய் ஏட்டைத் திறந்தேன். ஐயோ, என் மரமண்டையே! அரசர் வந்தது உயிர்த்த ஞாயிறன்று, ஈஸ்டர் பண்டிகைக்கு. அதற்குப் பிந்திய கிழமைகள் திருச்சபைக்கு விருந்துக் காலம், அப்போது துறவிகள் நோன்பிருப்பதில்லை. இது பக்தியில்லை, அரசரின் பரிவாரம் தின்று காலியாக்கிய குசினி. பாவம், அரசரைக் குறை சொல்ல முடியாத மனிதர் கஞ்சியை மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

வருட முடிவில் அதை அந்த மூன்று பேராசிரியர்களிடமும் சொன்னேன். கடுகடுவென்றிருந்த மூத்தவர், இது எப்படி உங்கள் கண்ணில் பட்டது என்று கேட்டார். எங்கள் வீட்டுக்கும் அரசர் வருவார் என்றேன். சிரித்துவிட்டார். தொடர்ந்து படிக்கலாம் என்று எழுதித் தந்தார்கள்.

ஸ்டேஷனில் நின்று கணவருக்கு அழைத்துச் சொன்னபோது அழுதுவிட்டேன். பத்து நிமிடத்தில் அத்தானின் அழைப்பு. "கேள்விப்பட்டனான் பிள்ளை! வாற கிழமை எல்லாரும் வாறம், கொண்டாடுவம்!"

"வாங்கோ அத்தான், கட்டாயம் வாங்கோ" என்றேன். முதல் தடவையாக மனதாரச் சொன்னேன். பிறகு ஹரிஸ் பார்க் கடைத்தெருவில் இறங்கி, அவர்களுக்கு இறாலும், அவர்கள் போன பிறகு எங்களுக்குப் பருப்பும் வாங்கினேன்.