கதவுக்காரி

அலுவலகத்தில் அவளைக் கதவுக்காரி என்றால்தான் தெரியும். தலையில் மாட்டிக்கொள்ளும் விஆர் கண்ணாடிக்குள் அறைகள் வரைவது அவள் வேலை. அறைச் சுவரில் குட்டிக் குட்டி வீடியோக்கள் ஓடும். இருபது முடிந்ததும் வெளிச்சம் மங்கி, முதுகுக்குப் பின்னால் ஒரு கதவு முளைக்கும். எழுந்து திரும்பி, நான்கு எட்டு நடந்து தள்ளினால் கண்ணாடி அணைந்துவிடும். உடம்பு எழுந்தால்தான் புத்தி எழும் என்பது அவள் கட்சி.

கதவு போட்டதே தம்பிக்காகத்தான். வேலை விட்டு வந்து சோபாவில் சாய்ந்து போனைத் தள்ள ஆரம்பித்தால், எத்தனை முறை கூப்பிட்டாலும் வெறும் "ம்"தான். மாதிரிக் கண்ணாடியை வீட்டுக்குக் கொண்டுவந்து அவனுக்கு மாட்டிவிட்டாள். கதவைத் தள்ளியவன் கண்ணாடியைக் கழற்றி, கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அக்கா, நீ சாப்டியா?" என்றான். அந்தக் கேள்வியைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று! 

அலுவலகத்தில் மேலாளர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"சோதனைக்கு வர்றவங்க எல்லாரும் கதவு வழியா போயிடறாங்கம்மா."

"போறதுக்குத்தானே சார் கதவு?"

"கதவு இருக்கட்டும். ஆரோக்கியமான வீடியோன்னு விளம்பரமே கொடுத்தாச்சு. அதுக்குப் பின்னாடி, வெளிய மாதிரியே தெரியற இன்னொரு ரூம் மட்டும் வச்சுடு; அங்கயும் வீடியோ ஓடட்டும்."

அவள் முடியாது என்றாள். வேறொரு ஆளை வைத்துச் சத்தமில்லாமல் முடித்துவிட்டார்கள். அவள் வரைந்த அதே கதவு, அதே குமிழ். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

வீட்டிலிருந்த மாதிரிக் கண்ணாடியும் இணையம் வழியாகத் தானாகவே மாறிவிட்டது. அன்று மாலை அவள் உள்ளே நுழைந்தபோது, தம்பி கூடத்தில் நடந்துகொண்டிருந்தான். நான்கு எட்டு வைத்துக் காற்றைத் தள்ளுவான். அப்படியே நின்று பார்ப்பான். திரும்பி மறுபடி நான்கு எட்டு. முழங்கால் மேசையில் இடித்து ரத்தம் கசிந்திருந்தது. ஓடிப்போய்க் கண்ணாடியைப் பிடுங்கினாள்.

"ஒவ்வொரு தடவையும் வெளிய வந்துட்டேன்னுதான்க்கா நெனச்சேன்," என்றான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரை ஏமாற்ற அவள் கைவேலைதானா கிடைத்தது?

மறுநாள் சோதனைப் படிவம் அவள் மேசைக்கு வந்தது. அவள் கையெழுத்தில்லாமல் எந்த அறையும் விற்பனைக்குப் போகாது. அதில், 'வெளியேறும் வழி வேலை செய்கிறதா?' என்று ஒரு வரி. யாரும் படிக்காமலே டிக் அடிக்கும் வரி.

"கதவு திறக்குதுல்ல? டிக் போட்டுக் குடும்மா," என்றார் மேலாளர்.

"திறக்குது சார். என் தம்பி நேத்து ஒன்பது தடவை திறந்தான்."

'வெளியேற வழியே இல்லை' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு, படிவத்தை அவர் முன்னால் வைத்தாள்.