அண்ணன் பேரில் என் எடை

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அம்மா என்னைத் திராட்சைத் தராசில் ஏற்றி நிறுத்துவாள். உத்தமபாளையம் பக்கம் எங்கள் தோட்டத்துக் கொட்டகையில் பெட்டிகளை எடை போடும் தராசு அது. "ஆடாம நில்லு ஆத்தா" என்பாள். நம்பர் நின்றதும் வாயில் ஒரு பழத்தைப் போட்டு இறக்கிவிடுவாள். வயிற்றுக்கு வஞ்சகம் செய்யாத பிள்ளை நான். இந்த மரியாதை எனக்குத் தகும் என்றே நினைத்திருந்தேன்.

அண்ணனுக்கு ரத்தப் புற்றுநோய். மதுரையில் வைத்தியம் முடிந்து ஊர் திரும்பிய நாலாம் மாதம் காய்ச்சல் கண்டு, இரண்டே நாளில் வீட்டிலேயே இறந்துபோனான். அதை ஆஸ்பத்திரிக்குச் சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை; அம்மாவிடம் விட்டுவிட்டார். வைத்தியம் முடிந்து போன பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று போனில் கேட்டுப் பதிவேட்டில் எழுத அங்கே ஓர் அக்கா இருந்தார்.

கண்வலியென்று நான் பள்ளிக்கூடம் போகாத ஒருநாள் அவருடைய போன் வந்தது. அம்மாவின் போனில் ஸ்பீக்கரைப் போட்டால்தான் பேச்சு கேட்கும்.

"தம்பி எப்படிம்மா இருக்கான்?"

"நல்லா இருக்கான்மா. இப்பத்தான் சாப்பிட்டான்."

"எடை?"

"இருபத்தோரு கிலோ."

எனக்கு வந்ததே கோபம்! வம்பாடுபட்டுத் தின்று நான் சேர்த்ததை அண்ணனுக்கு எழுதுவதா? போனருகே போய்க் கத்தினேன்.

"அது என் எடை! அண்ணன்தான் செத்துப்போயிருச்சுல்ல!"

அம்மா அடிப்பாள் என்று பயந்தேன். அடிக்கவில்லை. போனில் அந்த அக்கா, "எப்பம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"போன வருசம், தீபாவளிக்கு முந்துன வாரம். காய்ச்சல் அடிச்சுச்சு. மறுநா பாப்போம்னு இருந்துட்டேன். அன்னைக்கே தூக்கிட்டு ஓடியாந்திருக்கணும்."

யாரிடமும் அம்மா அதைச் சொன்னதில்லை. சொல்லி முடித்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளை நெருங்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

"காய்ச்சல்ல எத்தனை பிள்ளைக போகுதுன்னு எங்களுக்குத் தெரியாமலே போயிருதும்மா. நீங்க சொன்னத அப்படியே எழுதிக்கிட்டேன். காய்ச்சல் கண்டா அடுத்த பிள்ளைய நாங்க சீக்கிரமா வரச்சொல்லலாம்" என்றார் அக்கா.

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்:

"அப்ப இனிமே போன் பண்ண மாட்டீகளாம்மா?"

என்ன பதில் வந்தது என்று கேட்க நான் நிற்கவில்லை. என் எடையை மீட்டுவிட்ட தெம்பில் தெருவுக்கு ஓடிவிட்டேன். அந்த ஒரு பதிவேட்டில் மட்டும் அண்ணன் அன்றுவரை வளர்ந்துகொண்டிருந்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.