செவ்வாய்க்கிழமைக் கொப்பி

பெரியம்மாவின் கொப்பியில் பதினொரு பக்கங்கள்தான் எழுதப்பட்டிருந்தன. தமிழ்க் கடைப் பழுப்புக் கடதாசிப் பையை வெட்டி, மூலைகளை மடித்து, அதற்கு அழகாக உறை போட்டிருந்தார். உறையின் மேல் தன் பெயர். கீழே, தமிழில், ‘செவ்வாய்’. ஊரில் ஐந்தாம் வகுப்போடு, இடம்பெயர்ந்து ஓடிய வருடத்தில், அவருடைய படிப்பு நின்றுபோனது. நாற்பத்திரண்டு வயதில், புலம்பெயர்ந்து வந்த நாட்டில், மனோர் பார்க்கில் எங்கள் வீதி முனைத் தேவாலய மண்டபத்தில் செவ்வாய் காலைகளில் நடந்த ஆங்கில வகுப்புக்காக வாங்கிய கொப்பி அது. பதினோராம் பக்கத்தில் வாரத்தின் நாட்கள். அதற்குப் பிறகு வெறும் கோடுகள். அந்த வெறும் பக்கங்களுக்கு நான்தான் காரணம் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையை நான் மறைப்பதில்லை. பத்து வயதிலிருந்தே வீட்டுக்கு வரும் கடதாசிகள் எல்லாம் என்னிடம்தான் வரும். கவுன்சில் கடிதம் வந்தாலும், வைத்தியரிடம் போவதென்றாலும் பெரியம்மா, “எங்கட லோயர் அம்மா எங்க?” என்று என்னைத் தேடுவார். வால்தம்ஸ்டோவில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பெரியம்மாவுக்கு வேலை இருக்கிறது என்று தெரிந்தபோது அந்த விண்ணப்பத்தை நிரப்பியதும் நான்தான். எனக்கு அப்போது பதின்மூன்று வயது.

எந்தெந்த நாட்களில் வேலை செய்ய முடியாது என்று ஒரு கேள்வி இருந்தது. பக்கத்தில் ஒரு சிறு பெட்டி: பிளெக்சிபிள். எந்த அலுவலகக் கடதாசியிலும் ‘ஏலாது’ என்று எழுதக்கூடாது என்பது எங்கள் வீட்டில் யாரும் சொல்லித்தராமலே எல்லோருக்கும் தெரிந்த சட்டம். விசாவுக்காகக் காத்திருந்த வருடங்களில் படிந்த பயம் அது. மறுத்துச் சொன்னால் கோப்பு எங்கோ அடியில் போய்விடும் என்று நம்பினார்கள்.

“அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து?” என்று பெரியம்மா கேட்டார்.

அந்தத் தவணைப் பள்ளி அறிக்கையில் என் ஆசிரியை அதே சொல்லைத்தான் என்னைப் பாராட்டி எழுதியிருந்தார். “எதுக்கும் ஒத்துப்போற நல்ல ஆள் எண்டு கருத்து, பெரியம்மா.”

“அப்ப போடு. நான் ஆரோட சண்டை பிடிக்கிறன்? உன்ர பெரியப்பாவைத் தவிர.”

சிரித்துக்கொண்டே அந்தப் பெட்டியில் அழுத்தமாகச் சரி போட்டேன். நாட்களைக் கேட்ட இடத்தை வெறுமையாக விட்டேன்.

இரண்டு மாதம் வகுப்பு ஒழுங்காக நடந்தது. பிறகு செவ்வாய் காலைகளில் இல்லத்திலிருந்து தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. யாரோ வரவில்லை, உடனே வரவேண்டும். பெரியம்மா கொப்பியை மேசையில் வைத்துவிட்டு, “ஓகே, ஓகே, நோ புறொப்ளம்” என்று சொல்லிக்கொண்டே சப்பாத்தைத் தேடுவார். சில நாட்களில் பஸ் ஏறி அங்கே போன பிறகு, இன்று தேவையில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்று கிழமை தொடர்ந்து வராவிட்டால் பெயரை வெட்டுவது வகுப்பின் விதி. வெட்டிவிட்டார்கள்.

செவ்வாயை மட்டும் விட்டுத்தரும்படி கேட்க, மொழிபெயர்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மேலாளர் பெண்மணி எனக்கு பிஸ்கட் தந்தார். ஒரு கோப்பைத் திறந்து, என் சரி அடையாளம் இருந்த தாளை எங்கள் பக்கம் திருப்பி, அதன் மேல் விரலை வைத்தார். “நீங்களே சம்மதிச்சனீங்களாம், பெரியம்மா,” என்று மொழிபெயர்த்தேன். அப்படியென்றால் செவ்வாய் வேலையை வேறு ஒருவருடன் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கச் சொன்னார் பெரியம்மா. மேலாளர் முடியாதென்று வருத்தத்தோடு தலையசைத்தார். ரோட்டா, அதாவது யாருக்கு எந்த நாள் வேலை என்ற பட்டியல், ஒருமுறை போட்டால் போட்டதுதானாம்.

“பரவாயில்லை எண்டு சொல்லு,” என்றார் பெரியம்மா. நான் அதையும் மொழிபெயர்த்தேன்.

இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. ரோட்டாவைச் செவ்வாய் காலை ஏழு மணிக்கு அவர்கள் மாற்றலாம். ஒரு மாதம் முன்னதாகக் கேட்டாலும் பெரியம்மாவுக்கு மாற்ற முடியாது. வளைந்து கொடுப்பவர் என்று பொருள்படும் அந்தப் ‘பிளெக்சிபிள்’ என்ற சொல்லை இப்போது வேலை விளம்பரங்கள் எல்லாவற்றிலும் காண்கிறேன். படிக்கும்போது பரிசு போல இருக்கிறது. யார் வளைய வேண்டும், யாருக்காக என்பதை மட்டும் எவரும் எழுதுவதில்லை. அன்று ஒரு சிறுமி தவறான பெட்டியில் சரி போட்டாள், உண்மைதான். அந்தப் பெட்டியை அச்சடித்தவர்கள் பெரியவர்கள். ஒரு பிள்ளையின் பேனைக் கோட்டைக் காட்டி ஒரு பெண்ணின் படிப்பை இரண்டாம் தடவை நிறுத்தியவர்களும் பெரியவர்கள்தான்.

கடந்த தை மாதம், பெரியம்மா இன்னும் வேலை செய்துகொண்டிருந்த அந்த இல்லம் வேறு முதலாளிக்குக் கை மாறியது. எல்லோரும் புதிதாக விண்ணப்பம் நிரப்பவேண்டும் என்றார்கள். அதே கேள்வி, அதே பெட்டி. நான் பேனையைப் பிடித்தபடி, “செவ்வாய் ஏலாது எண்டு போடட்டோ?” என்று கேட்டேன்.

பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பெட்டியைப் பார்த்தார். “வேலையால நிப்பாட்டிப் போடுவாங்களோ?”

“தெரியாது பெரியம்மா. நாள் குறைப்பினம்போல.”

“குறைக்கட்டும். போடு. பெரிசா போடு, அவைக்கும் கண்ணாடி தேவைப்படும்.”

குறைத்தார்கள். சனிக்கிழமை வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு நான் எழுதிய முறைப்பாட்டுக்கு இன்னும் பதில் இல்லை. நான் விடப்போவதில்லை, இரண்டாவது கடிதமும் போய்விட்டது.

போன கிழமை அவர் வீட்டுக்குப் போனபோது கொப்பி மேசையில் கிடந்தது. உறை நிறம் மங்கி, மூலைகள் கிழிந்திருந்தன. பன்னிரண்டாம் பக்கத்தில் புது மை. உங்களால் முடியாத ஐந்து விஷயங்களை எழுதுங்கள் என்பது அவர் மறுபடி சேர்ந்த செவ்வாய் வகுப்பின் பயிற்சி. ஆங்கிலத்தில், ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதியிருந்தார்: எனக்கு நீந்த முடியாது. எனக்குக் கார் ஓட்ட முடியாது. எனக்கு மீன் சாப்பிடாமல் இருக்க முடியாது. எனக்குக் குளிரைத் தாங்க முடியாது.

ஐந்தாவது வரி: எனக்குச் செவ்வாய்க்கிழமை வேலைக்கு வர முடியாது.

அதன் பக்கத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் சரி போட்டிருந்தார்.